சாட்சி தேடிய கிளார்க்ஸன்

1948-ம் வருஷம் டிசம்பர் மாதம் 10-ந் தேதி பாரிஸ் நகரத்தில் கூடிய ஐக்கிய நாடுகளின் பொதுச் சபை, மனித உரிமைகளைப் பற்றிய சர்வதேசப் பிரகடனத்தை நிறைவேற்றிற்று. நாற்பத்தெட்டுத் தேசங்கள் அதை ஆதரித்தன. எட்டுத் தேசங்கள் நடுநிலை வகித்தன. எதிர்த்து வாக்களித்த தேசம் ஒன்றுமில்லை. அப்பிரகடனத்தின் 4-வது ஷரத்து, எவரையும் அடிமையாக வைத்திருக்கலாகாதென்றும், அடிமை வியாபாரம் எந்த ரூபத்திலும் கூடாதென்றும் விதிக்கிறது. இன்று இதைப் படிக்கும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை, இதைக்கூடவா சட்டமாக எழுதி வைக்க வேண்டும் என்று வியப்படையலாம். ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டில் இதற்கு நேர்மாறானதே சட்டமாயிருந்தது. அதை மாற்ற வேண்டுமென்றவன்தான் பித்தனாகக் கருதப்பட்டான். அந்தப் பித்தர்களில் முதன்மையான ஒருவரின் வரலாற்றை இன்று நம் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

தாமஸ் கிளார்க்ஸன் 1760-ம் வருஷம் மார்ச் மாதம் 28-ந் தேதி, இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியிலுள்ள விஸ்பெச் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் ஒரு பாதிரியார். அவ்வூர்ப் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியர். பிள்ளைக்கு ஆறு வயது நிரம்பியபோது தந்தையார் காலமாகிவிட்டார். தாயாரின் பராமரிப்பில் வளர்ந்த கிளார்க்ஸன், லண்டனில் பள்ளிப் படிப்பை முடித்துக்கொண்டு கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் சேர்ந்தார். ஆறடி உயரம், செந்நிறத் தலைமுடி, எடுத்ததை விடாத சுபாவம். தந்தையைப் போலப் பாதிரியாராகி, சௌக்கியமான ஒரு திருச்சபை உத்தியோகத்தில் அமர்ந்து வாழ்வது என்பதே அவருக்கு முன் இருந்த வழி. அவ்வழியில் அவர் போயிருந்தால் சரித்திரத்தில் அவர் பெயர் இருந்திராது.

அக்காலத்து அடிமை வியாபாரம் இன்னதென்று சில வார்த்தைகள் சொல்லவேண்டும். இங்கிலாந்திலிருந்து துணி, துப்பாக்கி, இரும்பு, சாராயம் முதலியவற்றை ஏற்றிக்கொண்டு கப்பல்கள் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்குச் செல்லும். அங்கே அவற்றைக் கொடுத்து மனிதர்களை வாங்கும். அம்மனிதர்களை அட்லாண்டிக் மகாசமுத்திரத்தைக் கடந்து மேற்கிந்தியத் தீவுகளிலும் அமெரிக்காவிலும் விற்றுவிட்டு, கரும்புச் சர்க்கரையையும் புகையிலையையும் நிரப்பிக்கொண்டு திரும்பும். பல ஐரோப்பிய ஜாதியார் நானூறு வருஷ காலத்துக்குக் கிட்டத்தட்ட நடத்திய இவ்வியாபாரத்தில், ஏறக்குறைய ஒரு கோடியே இருபத்தைந்து லட்சம் ஆப்பிரிக்கர் கப்பலேற்றப்பட்டார்களென்று சரித்திரக்காரர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்களில் சுமார் பதினெட்டு லட்சம் பேர் கரையேறாமலே மாண்டனர். இங்கே நமக்குச் சற்று வேதனை தருவதான ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களுக்கு விலையாகக் கொடுக்கப்பட்ட சரக்குகளில் இந்தியத் துணி மிகவும் மதிப்புப் பெற்றிருந்தது. குஜராத்தில் நெய்தவையும், நம்முடைய சோழமண்டலக் கரையில் நெய்து சாயமேற்றியவையும் லண்டன் வழியாகவும் பிரஞ்சுத் துறைமுகங்கள் வழியாகவும் அங்கே போய்ச் சேர்ந்தன. தறியில் குனிந்திருந்த நம் நெசவாளிக்கு அத்துணி எங்கே போகிறது, அதற்கு மாற்றாக எது கைமாறுகிறது என்பது தெரியாது. லண்டனில் தேநீரில் சர்க்கரை போட்டுக்கொண்ட மாதுக்கும் தெரியாது. இந்தத் தெரியாமையின் மேல்தான் அவ்வளவு பெரிய வியாபாரமும் நின்றது.

1781-ம் வருஷத்தில் ஸாங் என்ற கப்பலில் தண்ணீர் போதவில்லையென்று சொல்லி, உயிருடனிருந்த நூற்றுமுப்பது பேருக்கு மேற்பட்ட ஆப்பிரிக்கரைக் கடலில் எறிந்துவிட்டார்கள். பிறகு முதலாளிகள், நஷ்டமான சரக்குக்கு இன்ஷ்யூரன்ஸ் பணம் கேட்டு வழக்குத் தொடுத்தனர். 1783-ல் லண்டன் நீதிஸ்தலத்தில் நடந்த அவ்விசாரணை கொலைக்குற்ற விசாரணையன்று. சரக்கு நஷ்டத்தை யார் ஏற்பது என்ற சிவில் வியவகாரம். சட்டம் படித்தவன் என்ற முறையில் அந்த வழக்கின் விவரத்தை முதன்முதலாக நாம் படித்தபோது, நமது தொழிலைப் பற்றியே வெட்கமடைந்தோம். ஓலாடா ஈக்குவியானோ என்ற ஆப்பிரிக்கர், தாமே அடிமையாக விற்கப்பட்டுப் பின் விடுதலை பெற்றவர், இந்தச் செய்தியைக் கிரான்வில் ஷார்ப் என்ற பரோபகாரியிடம் எடுத்துச் சென்றார். 1772-ல் ஸாமர்ஸெட் என்னும் அடிமையின் வழக்கைப் பின்னின்று நடத்தி, இங்கிலாந்து மண்ணிலிருந்து ஓர் அடிமையை வலுக்கட்டாயமாக வெளியேற்ற முடியாது என்ற தீர்ப்பைப் பெற்றவர் இந்த ஷார்ப்தான். அவர் பலருக்கும் கடிதம் எழுதினார். கொலைக்காக ஒருவர்மீதும் வழக்குத் தொடரப்படவில்லை. ஆயினும் விஷயம் சிலருடைய மனத்தில் முள்ளாய்த் தைத்து நின்றது.

கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் உபாத்தியக்ஷகரான பீட்டர் பெக்கார்டு, அடிமைத்தனத்தைக் கண்டித்து ஏற்கெனவே பிரசங்கம் செய்தவர். 1785-ல் லத்தீன் கட்டுரைப் போட்டிக்கு அவர் கொடுத்த விஷயம், மனிதர்களை அவர்கள் சம்மதமின்றி அடிமைப்படுத்துவது நியாயமா என்பது. கிளார்க்ஸனுக்கு அப்பொழுது வயது இருபத்தைந்து. முதல் வருஷமே ஒரு பரிசு வாங்கியிருந்தவர், இரண்டாவதையும் வாங்கிவிட வேண்டும் என்ற ஆசை ஒன்றைத் தவிர வேறு நோக்கமின்றி எழுத உட்கார்ந்தார். விஷயத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஒரு பத்திரிகை விளம்பரத்தில் கண்ட புஸ்தகத்தை வாங்குவதற்காக லண்டனுக்கு ஓடினார். அமெரிக்காவிலிருந்த அந்தோணி பெனஸெட் என்ற குவேக்கர் எழுதிய நூல் அது. அதைப் படித்த பிறகு கீர்த்தி, பரிசு எல்லாம் மறந்துபோயிற்று. பகலில் அமைதியில்லை, இரவில் உறக்கமில்லை. நடுநிசியில் தோன்றும் எண்ணங்களை உடனே குறித்துக்கொள்ளப் படுக்கையறையில் மெழுகுவர்த்தியை அணையாமல் வைத்திருந்தாராம்.

முதற்பரிசு அவருக்கே கிடைத்தது. சபையில் கட்டுரையை வாசித்துக் கரகோஷம் பெற்று, குதிரையின்மீது லண்டனுக்குப் புறப்பட்டார். வழி முழுவதும் ஒரே சிந்தனை. தாம் எழுதியது வெறும் கட்டுரையாக இருந்துவிட்டால் பாதகமில்லை. ஆனால் எழுதியதெல்லாம் உண்மையாயிற்றே! ஹெர்ட்பர்டு ஜில்லாவில் வேட்ஸ்மில் என்ற கிராமத்துக்கருகே குதிரையை விட்டிறங்கி, சாலையோரத்தில் மனங்கலங்கி உட்கார்ந்துவிட்டார். இது உண்மையானால் யாராவது ஒருவர் இதை முடிவுக்குக் கொண்டுவர வேண்டுமே என்ற எண்ணம் அங்கேதான் அவருக்கு எழுந்தது. அந்த ஒருவர் தாமாகவே இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வர அவருக்கு இன்னும் சில மாதங்கள் பிடித்தன. பெரிய மனிதர்களின் சரித்திரங்களில் உறுதி ஒரு க்ஷணத்தில் பிறந்துவிடுவதாகவே எழுதுவது வழக்கம். கிளார்க்ஸன் அப்படி எழுதிக்கொள்ளவில்லை. உத்தியோகத்தையும் சம்பாத்தியத்தையும் எண்ணித் தாம் தயங்கியதை அவர் மறைக்கவில்லை.

1786-ல் அக்கட்டுரையை இங்கிலீஷில் பிரசுரித்தவர் ஜேம்ஸ் பிலிப்ஸ் என்ற குவேக்கர். 1787-ம் வருஷம் மே மாதம் 22-ந் தேதி அவருடைய அச்சுக்கூடத்தில் பன்னிரண்டு பேர் கூடி, அடிமை வியாபாரத்தை ஒழிப்பதற்கென்று ஒரு கமிட்டியை ஏற்படுத்தினர். பன்னிருவரில் ஒன்பதின்மர் குவேக்கர்கள். அவர்களுக்குப் பார்லிமெண்டில் ஸ்தானமோ சர்வகலாசாலையில் பட்டமோ அக்காலத்தில் கிடையாது. வாக்குரிமை கொண்டவர் ஜனத்தொகையில் மிகச் சிலரே. பத்திரிகைகளும், துறைமுகங்களும், மேற்கிந்தியத் தோட்ட முதலாளிகளின் பணமும் எதிர்ப்பக்கத்தில் நின்றன. கமிட்டியின் கைம்முதல் ஒன்றே ஒன்று: நடப்பதை நடக்கிறபடியே ஜனங்களுக்குத் தெரிவிப்பது. அதற்கு ருசு வேண்டும். அந்த ருசுவைத் தேடும் பொறுப்பைக் கிளார்க்ஸன் ஏற்றுக்கொண்டார்.

பிரிஸ்டல் நகரத்தை அவர் நெருங்கியது ஒரு மாலைவேளை. மாதாகோயில் மணிகள் ஒலித்துக்கொண்டிருந்தன. அந்தப் பெரிய துறைமுகத்தின் செல்வம் முழுவதையும் எதிர்த்துத் தனியே நிற்கப்போகிறோமே என்று அவர் உள்ளம் நடுங்கியது. வியாபாரிகள் முதலில் மரியாதையாகப் பேசினார்கள். அவர் எதற்காக வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் வீதியில் எதிர்ப்படாமல் ஒதுங்கினார்கள். ஆனால் ஏழு நட்சத்திர விடுதி என்ற சாராயக்கடையை நடத்திய தாம்ஸன் என்பவர் அவருக்குக் கைகொடுத்தார். அடிமைக் கப்பல்களுக்கு மாலுமிகளை எவ்வாறு குடிக்கவைத்தும், கடன்படுத்தியும், ஏமாற்றியும் ஏற்றுகிறார்கள் என்பதைப் பல இரவுகள் அவரை உடன் அழைத்துச் சென்று நேரில் காட்டினார். மதுவிலக்கை ஆதரிக்கும் நாமும் அந்தக் கடைக்காரரை வாழ்த்தாமலிருக்க முடியவில்லை.

இங்கே கிளார்க்ஸனுடைய புத்தி நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஆப்பிரிக்கர் படும் துயரத்தைச் சொன்னால் காதுகொடாதவர்களும், ஆங்கில மாலுமிகளின் சாவைச் சொன்னால் கேட்பார்கள் என்று கண்டார். இந்த வியாபாரம் கடற்படைக்கு மாலுமிகளைப் பயிற்றுவிக்கும் தொட்டில் என்பது எதிர்ப்பக்கத்தாரின் மந்திரம். கிளார்க்ஸன் துறைமுக அலுவலகங்களிலிருந்த ஆள் ஜாப்தாக்களைப் புரட்டி, இருபதாயிரம் மாலுமிகளின் பெயரையும் கதியையும் ஒவ்வொன்றாகக் குறித்தார். தொட்டில் என்று சொல்லப்பட்டது மயானமாயிருந்தது. ஏனைய வியாபாரக் கப்பல்கள் எல்லாவற்றிலும் சேர்ந்து சாகிறவர்களைவிட, அடிமைக் கப்பல்களில் சாகிற மாலுமிகள் அதிகம் என்பது வெளியாயிற்று. சர்க்காரின் சொந்தத் தஸ்தாவேஜிலிருந்து எடுத்த கணக்கு என்பதால் எதிர்ப்பக்கத்தார் அதைப் பொய்யென்று தள்ளிவிட முடியவில்லை.

லிவர்பூலில் ஒரு கடைச் சாளரத்தில் கைவிலங்குகளும், கால் விலங்குகளும், கட்டைவிரலை நசுக்கும் திருகும், வைத்தியர் உபயோகிப்பது போன்ற ஒரு கருவியும் விற்பனைக்கு வைக்கப்பட்டிருந்ததைக் கண்டார். கடைசியாகச் சொன்னது எதற்கென்று கடைக்காரரைக் கேட்டார். சாப்பிட மறுத்து உயிரைவிடப் பார்க்கும் அடிமைகளின் வாயைப் பலவந்தமாகத் திறந்து உணவு செலுத்த என்று அவர் சாதாரணமாகப் பதில் சொன்னார். கிளார்க்ஸன் விலை கொடுத்து ஒவ்வொன்றிலும் ஒன்று வாங்கிக்கொண்டார். அதே நகரத்தின் கப்பல் துறையில் ஒருநாள் புயலைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, சிலர் ஒன்றுசேர்ந்து அவரைக் கடலில் தள்ள முயன்றனர். அடிபட்டுக்கொண்டே அவர்கள் நடுவே பாய்ந்து தப்பினார்.

விலங்குகளோடு மட்டும் அவர் நின்றுவிடவில்லை. ஆப்பிரிக்கர் நெய்த பருத்தித் துணி, அவர்கள் பதப்படுத்திய தோல், தந்தம், சாயம், மிளகு, பலவகை மரம் ஆகியவற்றைச் சேகரித்து ஒரு மரப்பெட்டியில் அடுக்கினார். போகுமிடமெல்லாம் அப்பெட்டி உடன் சென்றது. இப்படிப்பட்ட கைத்திறன் உடையவர்கள் மிருகங்களா என்ற கேள்வியும், இவர்களோடு நேர்மையான வாணிகம் செய்யலாகாதா என்ற கேள்வியும் பெட்டியைத் திறந்த மாத்திரத்தில் பார்ப்பவர் மனத்தில் எழும். பிரதம மந்திரி பிட் அத்துணிகளைக் கையிலெடுத்துப் பார்த்து வியந்தாரென்று கிளார்க்ஸன் எழுதியிருக்கிறார். பரிதாபத்தை மட்டும் கிளப்புகிற பிரசாரத்துக்கும் மரியாதையைக் கிளப்புகிற பிரசாரத்துக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. மண்டியிட்டுக் கைகூப்பும் அடிமையின் உருவத்தை வெட்ஜ்வுட் என்ற பீங்கான் உற்பத்தியாளர் பதக்கமாகச் செய்து பரப்பினார். சீமாட்டிகள் அதை வளையலிலும் கொண்டையூசியிலும் பதித்துக்கொண்டார்கள். அதனால் நன்மை விளைந்ததென்பதை மறுக்கவில்லை. ஆனால் நம்மைக் கேட்டால், மண்டியிடாத மனிதனின் கைவேலை நிறைந்த அந்தப் பெட்டிதான் உயர்ந்தது என்போம்.

இன்னொரு சாதனம் ஒரு படம். புரூக்ஸ் என்ற லிவர்பூல் கப்பலின் அளவுகளை எடுத்து, அடித்தளங்களில் அடிமைகளை எவ்வாறு கிடத்துகிறார்கள் என்பதைப் பிளிமத் நகரத்துக் கமிட்டியார் முதலில் வரைந்தனர். லண்டன் கமிட்டி 1789-ல் அதை விஸ்தரித்து அச்சிட்டு ஆயிரக்கணக்கில் வழங்கிற்று. ஆண் ஒருவனுக்கு ஆறடி நீளம், ஓரடி நாலங்குல அகலம். சவப்பெட்டியிலும் அதைவிட இடம் உண்டு. 1788-ல் பார்லிமெண்டு இயற்றிய கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி அக்கப்பலில் 454 பேரை ஏற்றலாம். அச்சட்டத்துக்கு முன் ஒரு யாத்திரையில் 609 பேர் ஏற்றப்பட்டிருந்தார்கள். படத்திலிருந்த உருவங்கள் 482. படத்தில் கண்ணீரும் இரத்தமும் இல்லை. கப்பல் தச்சன் போடும் பிளான் போலவே அளவுகளுடன் இருந்தது. அதைக் கண்டவர் வாய் பேசாமல் நின்றார்கள்.

இவையெல்லாவற்றிலும் நம்முடைய மனத்தை மிகவும் கவர்ந்தது ஒரு சாட்சியைத் தேடி அவர் அலைந்த கதை. ஆப்பிரிக்க அரசர்கள் யுத்தத்தில் பிடித்த கைதிகளையே தாங்கள் வாங்குவதாக வியாபாரிகள் சாதித்துவந்தனர். இரவில் படகுகளில் ஆற்றின்மேல் சென்று கிராமங்களைச் சூறையாடி மனிதர்களைப் பிடித்துவருகிறார்கள் என்பது கிளார்க்ஸனுக்குத் தெரியும். ஆனால் அப்படகில் கூடச் சென்ற சாட்சி இல்லை. 1790-ல் ஒரு நண்பர், ஏறக்குறைய ஒரு வருஷத்துக்கு முன் தாம் சந்தித்த ஒரு மாலுமி அவ்வாறு சென்றவன் என்று சொன்னார். பெயர் தெரியாது. ஊர் தெரியாது. ஆளின் தோற்றமும், துறைமுகத்தில் நிறுத்திவைக்கப்பட்டிருக்கும் ராஜாங்கக் கப்பல் ஒன்றில் வேலை செய்தான் என்பதுமே தெரியும். கிளார்க்ஸன் கிளம்பினார். டெட்பர்டு, உல்லிச், சாத்தம், ஷீர்னஸ், போர்ட்ஸ்மத் என்று ஒவ்வொரு துறைமுகமாகச் சென்று, ஒவ்வொரு கப்பலிலும் ஏறி, மாலுமிகளை வரவழைத்து விசாரித்தார். கடைசியாகப் பிளிமத். முந்நூறு கப்பல்களுக்குமேல் ஏறி இறங்கிய பிறகு, மெலாம்பஸ் என்ற கப்பலில் ஐஸக் பார்க்கர் என்ற அம்மனிதன் அகப்பட்டான். தான் இரண்டு முறை அப்படிச் சென்றதைக் காமன்ஸ் சபையின் விசாரணைக் கமிட்டியின் முன் அவன் சாட்சியம் சொன்னான். கோர்ட்டு வராந்தாவில் தைரியமாகப் பேசிவிட்டுக் கூண்டிலேறியதும் நாக்குழறுகிற சாட்சிகளை நாம் பார்த்ததுண்டு. வாய்தா நாளன்று ஊரைவிட்டே போய்விடுகிறவர்களையும் பார்த்ததுண்டு. ஒரே ஒரு சாட்சிக்காக முந்நூறு கப்பல் ஏறிய வக்கீலை நாம் பார்த்ததில்லை.

1787 முதல் 1794 வரை ஏழு வருஷங்களில், பெரும்பாலும் குதிரையின்மீது, அவர் பிரயாணம் செய்த தூரம் முப்பத்தையாயிரம் மைல். பலன் கண்ணெதிரே தெரிந்தது. அடிமை வியாபாரத்துக்குத் துணி விற்றுப் பிழைத்த மாஞ்செஸ்டர் நகரத்திலேயே பதினாயிரம் பேருக்குமேல் அதற்கு விரோதமான விண்ணப்பத்தில் கையெழுத்திட்டனர். 1792-ல் பார்லிமெண்டுக்கு வந்த விண்ணப்பங்கள் 519. கையெழுத்திட்டவர் மூன்றரை லட்சத்துக்கு மேல். அடிமை உழைப்பில் விளைந்த சர்க்கரையைப் பகிஷ்கரிக்கும் இயக்கமும் அப்போது மூண்டது. மூன்று லட்சம் பேர் சர்க்கரையை விட்டுவிட்டார்கள் என்பது கிளார்க்ஸனின் மதிப்பு. வாக்குரிமை இல்லாத பெண்கள், வீட்டு அலமாரியின் சாவி தங்கள் கையில் இருந்ததால், அதைப் பூட்டிவிட்டார்கள். அந்நியத் துணியைப் பகிஷ்கரித்த நம் தேசத்தாருக்கு இதன் வலிமையை விளக்கவேண்டியதில்லை.

இதற்கிடையில் 1789 ஆகஸ்டில் கிளார்க்ஸன் பாரிஸுக்குச் சென்றார். அந்த மாதம் 26-ந் தேதி பிரஞ்சு தேசிய சபை மனித உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றிற்று. மனிதர் யாவரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறக்கிறார்கள் என்று அறிவித்த தேசம் அடிமை வியாபாரத்தை உடனே ஒழித்துவிடும் என்று அவர் நம்பினார். லபாயத், மீராபோ முதலியோரைக் கண்டு பேசினார். மீராபோ புரூக்ஸ் கப்பலை மரத்தில் சிறு மாதிரியாகச் செய்துவைத்துக்கொண்டார். ஆனால் துறைமுக வியாபாரிகளின் செல்வாக்கு பிரகடனத்தைவிடப் பெரிதாயிருந்தது. ஆறு மாத காலம் அங்கே பாடுபட்டும் வெறுங்கையுடன் திரும்பினார். 1791-ல் ஸான் தொமிங்கோ தீவின் அடிமைகள் கலகம் செய்து தங்கள் விடுதலையைத் தாங்களே எடுத்துக்கொண்ட பிறகே, 1794-ல் பிரான்ஸ் அடிமைத்தனத்தை ஒழித்தது. 1802-ல் நெப்போலியன் அதை மீண்டும் ஏற்படுத்தினார். அத்தீவு 1804-ல் ஹெயிட்டி என்ற பெயருடன் சுதந்திர நாடாயிற்று. உரிமையை எழுதிவைத்தவர்களும் அதை மெய்யாக்கியவர்களும் ஒரே ஆட்களாக இருப்பது அபூர்வம்.

இங்கிலாந்திலும் 1791-ல் காமன்ஸ் சபையில் வில்பர்போர்ஸ் கொண்டுவந்த பிரேரணை 88-க்கு 163 வாக்குகளால் தோற்றது. அடுத்த வருஷம் படிப்படியாக ஒழிப்பதென்று நிறைவேறிய தீர்மானத்தைப் பிரபுக்கள் சபை கிடப்பில் போட்டது. 1793-ல் பிரான்ஸுடன் யுத்தம் வந்தது. சீர்திருத்தம் பேசுகிறவனெல்லாம் ராஜத்துரோகி என்று ஆயிற்று. பிரஞ்சுப் புரட்சியில் அனுதாபம் கொண்ட கிளார்க்ஸனை நண்பர்களே சற்று விலக்கிவைத்தனர். 1794-ல் அவர் உடல் முறிந்தது. தலைசுற்றலும் குரலடைப்பும் ஞாபகத் தடுமாற்றமும் கண்டன. கைப்பொருளும் பெரும்பாலும் கரைந்திருந்தது. நண்பர்கள் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். ஏரிப் பிரதேசத்தில் ஒரு சிறு வீடு கட்டிக்கொண்டு, காதரீன் பக் என்ற அறிவிற் சிறந்த மாதை 1796-ல் மணந்து, வேர்ட்ஸ்வர்த், கோல்ரிட்ஜ் ஆகிய கவிகளின் அயலிலே சில வருஷங்கள் நிலத்தை உழுது வாழ்ந்தார். பிறகு மறுபடியும் வேலைக்கு வந்தார். 1807-ம் வருஷம் மார்ச் மாதம் 25-ந் தேதி அடிமை வியாபாரத்தை ஒழிக்கும் சட்டத்துக்கு அரசர் சம்மதம் கிடைத்தது. காமன்ஸ் சபையில் முக்கியமான வாக்கெடுப்பில் ஆதரவு 283, எதிர்ப்பு 16.

வியாபாரம் ஒழிந்தது, அடிமைத்தனம் ஒழியவில்லை. 1823-ல், அறுபத்து மூன்று வயதில், கிளார்க்ஸன் மறுபடியும் ஊர் ஊராகப் புறப்பட்டுச் சுமார் பதினாயிரம் மைல் சுற்றினார். 1833-ல் சட்டம் வந்தது. 1834 ஆகஸ்டு 1-ந் தேதி அமலாயிற்று. வேலை பழகுவோர் என்ற வேறு பெயரில் நீடித்த கட்டாய உழைப்பு 1838-ல்தான் தீர்ந்தது. முதலாளிகளுக்கு இரண்டு கோடிப் பவுன் நஷ்டஈடு கொடுக்கப்பட்டது. உழைத்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை. அதற்காக பிரிட்டிஷ் கஜானா வாங்கிய கடன் முற்றிலும் தீர்ந்தது 2015-ம் வருஷத்தில்.

அந்தச் சட்டத்தில் நம்மைப் பற்றி ஒரு விதிவிலக்கு இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரதேசங்களுக்கும், இலங்கைக்கும், ஸெயிண்ட் ஹெலினாவுக்கும் அது பொருந்தாது என்று எழுதப்பட்டது. மேற்கிந்தியச் சர்க்கரையை வெறுத்த பக்தர்கள், அடிமைகளால் செய்யப்படாதது என்று கிண்ணத்தில் எழுதிக் கிழக்கிந்தியச் சர்க்கரையை உண்டுகொண்டிருந்த காலத்தில், இந்நாட்டில் நிலத்தோடு சேர்த்து மனிதர்களை விற்கவும் ஒற்றிவைக்கவும் செய்த கிரயப் பத்திரங்கள் செல்லுபடியாகிக்கொண்டிருந்தன. அவற்றை எழுதிக்கொண்டவர்கள் ஆங்கிலேயரல்லர், நம்மவர்களே. 1843-ம் வருஷத்து 5-வது சட்டம் வந்த பிறகுதான் கோர்ட்டுகள் அவ்வுரிமையை அங்கீகரிக்க மறுத்தன. அதற்குள் வேறொன்று தொடங்கிவிட்டது. விடுதலையான ஆப்பிரிக்கரின் இடத்தை நிரப்ப, 1834 முதல் மொரீஷியஸுக்கும், பின்னர் மேற்கிந்தியத் தீவுகளுக்கும், 1860-ல் சென்னைத் துறைமுகத்திலிருந்து நேட்டாலுக்கும் ஒப்பந்தக் கூலிகள் கப்பலேற்றப்பட்டனர். அம்முறைக்கு 1917-ல் ஆள் பிடிப்பது நிற்கும்வரை, தமிழ் ஜில்லாக்களிலிருந்து போனவர்கள் எத்தனையோ பேர். சுதந்திர இந்தியாவிலும் கொத்தடிமை முறையை ஒழிக்க 1976-ல் தனிச் சட்டம் வேண்டியிருந்தது. இந்த நூற்றாண்டிலும் நம் ஜில்லாக்களின் செங்கற் சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் முன்பணக் கடனுக்குக் கட்டுப்பட்ட குடும்பங்கள் மீட்கப்பட்டிருக்கின்றன. மீட்கப்பட்ட ஒவ்வொரு சம்பவத்திலும், யாரோ ஒருவர் சூளைக்குள் சென்று பெயர்களைக் குறித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

முதுமையில் கிளார்க்ஸனுக்கு மனத்துயரங்களும் இருந்தன. 1837-ல் ஒரே மகன் வண்டி விபத்தில் மாண்டான். மறுவருஷம் வில்பர்போர்ஸின் குமாரர்கள் தம் தந்தையின் வரலாற்றை எழுதி, அதில் கிளார்க்ஸனைக் கூலிக்கு உழைத்த ஏவலாள் போலச் சிறுமைப்படுத்தினர். வில்பர்போர்ஸ் மகான் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் கோர்ட்டில் எழுந்து நின்று வாதிப்பவரின் பெயர் பத்திரிகையில் வருகிறது. இரவெல்லாம் விழித்துக் கட்டைத் தயாரித்தவரின் பெயர் வருவதில்லை. கிளார்க்ஸன் பதில் எழுதினார். சில வருஷங்கள் கழித்து அக்குமாரர்கள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டனர்.

1840 ஜூன் மாதத்தில் லண்டனில் உலக அடிமை ஒழிப்பு மகாநாடு கூடியபோது, எண்பது வயதுக் கிழவரான அவர்தான் ஆரம்ப உரை நிகழ்த்தினார். சபையார் ஆரவாரம் செய்யாமல் மௌனமாக எழுந்து நின்று வரவேற்றனர். அதே மகாநாட்டில் அமெரிக்காவிலிருந்து பிரதிநிதிகளாக வந்த லுக்ரீஷியா மாட் முதலிய மாதர்களுக்கு ஆசனமளிக்க மறுத்து, பார்வையாளர் பகுதியில் உட்காரவைத்தார்கள். மனிதர் எல்லோரும் சமம் என்று பேசக் கூடிய இடத்திலேயே அந்தச் சொல்லுக்கு எல்லை கட்டிவிட்டார்கள். 1948-ம் வருஷத்துப் பிரகடனத்தின் நகலில் முதல் ஷரத்து ஆண்களையே குறிக்கும் சொல்லுடன் இருந்ததும், இந்தியாவின் பிரதிநிதி ஸ்ரீமதி ஹம்ஸா மேத்தா வற்புறுத்தி அதை எல்லா மனிதப் பிறவிகளும் என்று மாற்றச் செய்ததும் இவ்விடத்தில் நமக்கு நினைவுக்கு வருகின்றன.

1846 ஆகஸ்டில், அமெரிக்க அடிமையாகப் பிறந்து தப்பியோடி உலகப் புகழ்பெற்ற பேச்சாளராக விளங்கிய பிரடெரிக் டக்ளஸ், ஸபக் ஜில்லாவில் பிளேபர்டு என்ற கிராமத்திலிருந்த கிளார்க்ஸனின் வீட்டுக்குச் சென்றார். கிழவர் அவருடைய கையைத் தம் இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, இந்தப் பணிக்கு அறுபது வருஷம் கொடுத்ததாகவும், இன்னும் அறுபது வருஷம் இருந்தால் அவற்றையும் இதற்கே கொடுப்பதாகவும் சொன்னார். செப்டம்பர் 26-ந் தேதி அவர் காலமானார். அமெரிக்காவில் அடிமைத்தனம் 1865-லும், பிரேஸிலில் 1888-லும் ஒழிந்தன.

வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவருக்கு ஒரு நினைவுக் கல் வைக்க 1996-ம் வருஷம் வரை யாருக்கும் தோன்றவில்லை. வேட்ஸ்மில் சாலையோரத்தில், அவர் குதிரையை விட்டிறங்கி உட்கார்ந்த இடத்தில், 1879-ல் நாட்டிய ஒரு சிறு கல்தூண் நிற்கிறது. அந்த மரப்பெட்டி அவர் பிறந்த விஸ்பெச் ஊரின் பொருட்காட்சிச் சாலையில் இருக்கிறது. பேர் தெரியாத ஆப்பிரிக்க நெசவாளிகள் நெய்த துணிகள் அதற்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன.